காய்ச்சியவர் யார்?

நல்ல விஸ்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால், முதலில் லேபிளைப் படி என்பார்கள். எந்தத் தானியம், எந்த ஊர், பீப்பாயில் எத்தனை ஆண்டு, ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்கும். சரியான ஆலோசனைதான். ஆனால் தோழர்களே, அந்த லேபிளில் பெரும்பாலும் இடம்பெறாத தகவல் ஒன்று உண்டு. காய்ச்சியவர் யார்? அமெரிக்க விஸ்கியின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பாருங்கள், கதையே மாறிவிடும்.

முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனிடமிருந்து தொடங்குவோம். 1797-இல் பதவிக்காலம் முடிந்து மவுண்ட் வெர்னான் பண்ணைக்குத் திரும்பியவர், அங்கே ஒரு வடிசாலையை நடத்தினார். யோசனை சொன்னவர் பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1799-இல் அங்கே சுமார் 11,000 கேலன் விஸ்கி உற்பத்தியானது. அன்றைய அமெரிக்காவின் மிகப் பெரிய வடிசாலைகளில் அதுவும் ஒன்று. வாஷிங்டனின் பெயர் நமக்குத் தெரியும். கொஞ்சம் தேடினால் ஆண்டர்சனின் பெயரும் கிடைக்கும். ஐந்து செப்பு அண்டாக்களின் சூட்டில் நின்று வேலை செய்தவர்களோ ஹேன்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், டிமோத்தி என்ற ஆறு பேர். ஆறு பேரும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள்.

அடுத்து, உலகமே அறிந்த ஜாக் டேனியலுக்கு வருவோம். டென்னசி மாநிலத்தின் லிஞ்ச்பர்க் ஊர்ப்பக்கம் டான் கால் என்ற லூத்தரன் போதகருக்குப் பண்ணையும் வடிசாலையும் இருந்தன. ஜாக் அங்கே வேலைக்கு வந்த சிறுவன். போதகர்தான் அவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தார் என்பதே நூறாண்டுக்கு மேல் சொல்லப்பட்டு வந்த கதை.

கற்றுக்கொடுத்தவர் நேதன் கிரீன். ஊரார் அவரை ‘நியரஸ்ட்’ என்று அழைத்தார்கள். அவரை உடைமையாக வைத்திருந்த நிறுவனம், கூலி வாங்கிக்கொண்டு அவரைப் போதகரிடம் வேலைக்கு விட்டிருந்தது. தனக்குத் தெரிந்தவர்களிலேயே சிறந்த விஸ்கிக்காரர் இவர்தான் என்று சொல்லி, போதகரே சிறுவனை அவரிடம் ஒப்படைத்ததாக 1967-இல் வெளிவந்த ஜாக் டேனியலின் வாழ்க்கை வரலாறு கூறுகிறது. ஆக, இது அச்சிலேயே இருந்த செய்தி. லிஞ்ச்பர்க்கின் கறுப்பினக் குடும்பங்களுக்கும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த செய்தி. ஆனால் நிறுவனம் சொன்ன கதையில் அதற்கு இடமில்லை.

1865-இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஜாக் டேனியல் சொந்தமாகத் தொழில் நடத்தியபோது, முதல் தலைமை வடிப்பாளராக இருந்தவர் விடுதலை பெற்ற நியரஸ்ட் கிரீன். அவருடைய பிள்ளைகளும் அங்கே வேலை செய்தார்கள். 1900-களின் தொடக்கத்தில் எடுத்த ஒரு புகைப்படத்தில் ஜாக்கின் பக்கத்திலேயே ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நியரஸ்ட்டின் மகன் ஜார்ஜ் கிரீன் என்று கருதப்படுகிறது.

அவர்கள் கைவசம் இருந்த வித்தை என்ன? மக்காச்சோளம் மிகுந்த ஊறலைக் காய்ச்சி, வடிந்த சாராயத்தைச் சர்க்கரை மேப்பிள் மரக்கரியின் ஊடே சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். பிறகுதான் அது உட்புறம் கருக்கிய புதிய ஓக் பீப்பாய்க்குள் போகும். டென்னசி விஸ்கியைப் போர்பனிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கரி வடிகட்டல்தான். 2013-இல் அந்த மாநிலம் இதைச் சட்டமாகவே எழுதியது. எந்தக் கரி, எவ்வளவு சூடு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்துப் பழகிய அறிவு.

இந்த அறிவுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் எப்படிக் காணாமல் போனது? 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைப் பாருங்கள். அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே வயது, பாலினம், நிறம். பெயர் கிடையாது. 1870 கணக்கெடுப்பில்தான் அந்த மக்கள் எல்லோரும் பெயரோடு பதிவானார்கள். பெயரே எழுதாத பதிவேட்டிலிருந்து பெயர் ‘மறைந்துவிட்டது’ என்று சொல்வது பொய். அது எழுதப்படவே இல்லை.

2016-இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் நியரஸ்ட்டின் கதையை வெளியிட்டது. அதைப் படித்த ஃபான் வீவர் என்ற கறுப்பின எழுத்தாளர் லிஞ்ச்பர்க்குக்கே போய்ப் பத்திரங்களையும் குடும்ப நினைவுகளையும் திரட்டினார். 2017-இல் ஜாக் டேனியல் நிறுவனம் நியரஸ்ட்டைத் தன் முதல் தலைமை வடிப்பாளராக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு வீவர் ‘அங்கிள் நியரஸ்ட்’ என்ற விஸ்கியைக் கொண்டுவந்தார். அதன் தலைமைக் கலவையாளரான விக்டோரியா ஈடி பட்லர், நியரஸ்ட்டின் கொள்ளுப்பேத்தியின் மகள்.

டெக்கிலா வாங்குகிறவர்களும் இதே கேள்வியைக் கேட்கலாம். லேபிளில் ‘100% அகேவ்’ என்று இருந்தால் நல்லது. அப்படி இல்லாவிட்டால் பாதிக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை வேறு எதிலிருந்தும் வந்திருக்கலாம். ‘ரெபொசாடோ’ என்றால் குறைந்தது இரண்டு மாதம், ‘அன்யேஹோ’ என்றால் குறைந்தது ஓராண்டு மரத்தில் இருந்தது. எந்த ஆலை என்பதற்குக்கூட ஓர் எண் இருக்கும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வளர்ந்த நீல அகேவை வெயிலில் நின்று, நீண்ட பிடி கொண்ட ‘கோவா’ வெட்டுக்கருவியால் செதுக்கி, பெருங்கிழங்கு போன்ற அதன் நடுப்பகுதியை எடுத்த ‘ஹிமடோர்’ தொழிலாளிக்கு அந்தப் புட்டியில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

ரசித்துக் குடிப்பதற்கும் முறை இருக்கிறது. வாய் குறுகிய கோப்பையில் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். முதலில் ஐஸ் வேண்டாம், குளிர் வாசனையை அமுக்கிவிடும். முகர்ந்து பார்த்து, சிறு மிடறாக நாக்கில் நிறுத்தி, பிறகு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். வெனிலா, வறுத்த சர்க்கரை, புகை என்று ஒவ்வொன்றாகத் தெரியும். குடிக்காதவர்களுக்கு இந்தப் பத்தி தேவையில்லை. கேள்வி எல்லோருக்குமானது.

ஒடுக்கப்பட்டவர்களை வரலாறு நினைவுகூரும்போதும் ‘உழைத்தார்கள்’, ‘உதவினார்கள்’ என்று எழுதி நிறுத்திக்கொள்கிறது. நியரஸ்ட் கிரீன் உதவியாளர் இல்லை, ஆசிரியர். ஜாக் டேனியல் அவருடைய மாணவர். இந்த ஒரு வரியைச் சரியான வரிசையில் எழுத நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின.

உங்கள் ஊரில் பெயர் பெற்ற எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளுங்கள். யார் விற்றார் என்பதற்கு விளம்பரப் பலகை இருக்கும். யாருக்குத் தெரிந்திருந்தது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று வயதானவர்களிடம் கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.