மல்லாந்து படுத்தால் மட்டும் மூச்சு தடைபடுகிறதா? வீட்டிலேயே கண்காணிப்பது எப்படி?

இந்தியாவில் வயது வந்தோரில் சுமார் 11 சதவிகிதம் பேருக்கு, தூக்கத்தில் மூச்சு தடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' பிரச்னை இருக்கிறது. ஆண்களில் 13%, பெண்களில் 5%. நாட்டில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட மதிப்பீடு இது. எண்ணிக்கையில் சொன்னால், சுமார் 10.4 கோடி பேர்.

இவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தூக்கத்தில் நடப்பது நமக்கு எப்படித் தெரியும்? பக்கத்தில் படுத்திருப்பவர் சொன்னால்தான் உண்டு. 'மல்லாந்து படுத்தா மட்டும்தான் குறட்டை, திரும்பிப் படுத்தா நின்னுடுது' என்று அவர் சொன்னால், அதை அலட்சியப்படுத்த வேண்டாம். மருத்துவ ரீதியாக அது முக்கியமான தகவல்.

படுக்கும் நிலைக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதியும் உள்நாக்குப் பகுதியும் புவியீர்ப்பால் பின்னோக்கிச் சரிந்து காற்றுப் பாதையைக் குறுக்குகின்றன. பாதை குறுகினால் குறட்டை. முழுக்க அடைத்தால் மூச்சு நிற்கும். குறைந்தது 10 விநாடி நின்றால் அதை ஒரு 'ஆப்னியா' என்று கணக்கிடுகிறார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், மூளை உசுப்பிவிடும், மூச்சு திரும்பும். காலையில் இது எதுவும் நினைவிருக்காது. களைப்பு மட்டும் மிச்சம்.

மல்லாந்து படுக்கும்போது மூச்சுத் தடைகள் மற்ற நிலைகளைவிட இரண்டு மடங்காவது அதிகமாக இருந்தால், அது 'படுக்கும் நிலை சார்ந்த ஆப்னியா'. அமெரிக்க உறக்க ஆய்வாளர் ரோசலிண்ட் கார்ட்ரைட் 1984-ல் முன்வைத்த இந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஆப்னியா உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்த வகையில் வருகிறார்கள்.

ஒரே ஆள், இரண்டு ரிப்போர்ட்

ஆப்னியாவின் தீவிரத்தை 'ஏ.எச்.ஐ' என்ற எண்ணால் அளக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு இது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம்.

சராசரி என்றாலே சிக்கல்தான். ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு மல்லாந்து படுத்தால் மணிக்கு 30 தடைகள், ஒருக்களித்தால் 6. இரண்டு இரவுகளிலும் அவர் 6 மணி நேரம் தூங்குகிறார்.

- முதல் இரவு: 4 மணி நேரம் மல்லாந்து (120) + 2 மணி நேரம் ஒருக்களித்து (12) = 132 தடைகள். ஏ.எச்.ஐ 22: நடுத்தரம்.
- இரண்டாம் இரவு: 1 மணி நேரம் மல்லாந்து (30) + 5 மணி நேரம் ஒருக்களித்து (30) = 60 தடைகள். ஏ.எச்.ஐ 10: லேசானது.

அதே தொண்டை, அதே ஆள். மாறியது படுத்த விதம் மட்டும்தான். ஆய்வகத்தில் உடம்பெல்லாம் ஒயர் மாட்டியிருப்பதால் பலரும் வழக்கத்தைவிட அதிக நேரம் மல்லாந்தே கிடக்கிறார்கள். அதனால்தான் வீட்டில் எப்படிப் படுக்கிறோம் என்ற டேட்டாவுக்கு மதிப்பு.

வாட்ச் போதாதா?

சாம்சங், ஆப்பிள் வாட்ச்களின் ஸ்லீப் ஆப்னியா வசதிகளுக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2024-ல் அனுமதி தந்தது. இவை எச்சரிக்கும், அவ்ளோதான். நோயை உறுதி செய்யாது. தவிர, வாட்ச் இருப்பது மணிக்கட்டில். நீங்கள் மல்லாந்து படுத்தபடியே கையை எந்தப் பக்கமும் திருப்பலாம். உடம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அறிய, சென்சார் மார்பிலோ வயிற்றிலோ இருக்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பழைய போன் ஒன்று போதும். அதில் உள்ள ஆக்சிலரோமீட்டர், புவியீர்ப்பு எந்தத் திசையில் இழுக்கிறது என்பதை அளக்கும். அந்த அளவுகளை சி.எஸ்.வி ஃபைலாகச் சேமிக்கும் இலவச ஆப்கள் உள்ளன.

1. ஏரோப்ளேன் மோடில் போட்டு, இடுப்புப் பையில் வைத்து, திரை வெளிப்பக்கம் இருக்கும்படி மார்புக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள். சார்ஜரில் மாட்டியபடி கட்டவே கூடாது.
2. தூங்கும் முன் மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற என ஒவ்வொரு நிலையிலும் ஒரு நிமிடம் படுங்கள். மல்லாந்தால் ஓர் அச்சில் சுமார் 9.8 காட்டும்; குப்புறப் படுத்தால் அதே எண் எதிர்க்குறியோடு வரும். ஒருக்களித்தால் வேறோர் அச்சுக்கு மாறும். இதுதான் உங்கள் அளவுகோல்.
3. விநாடிக்கு ஓர் அளவு போதும். 8 மணி நேரத்துக்கு 28,800 வரிசைகள். எக்செல்லே தாங்கும்.

இது படுத்த நிலையை மட்டுமே சொல்லும். மூச்சைப் பற்றி அறிய, இரவு முழுக்கப் பதிவு செய்யும் பல்ஸ் ஆக்சிமீட்டர் தேவை. கோவிட் காலத்தில் பலர் வாங்கிய விரல் கருவிகளில் பெரும்பாலானவை அந்த நேர அளவை மட்டுமே காட்டும், சேமிக்காது. கருவியின் நேரமும் போனின் நேரமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குறட்டையை ரெக்கார்ட் செய்யும் ஆப்பும் உதவும். ஆனால், ஃபேன் சத்தமும் பக்கத்தில் இருப்பவரின் குறட்டையும் அதைக் குழப்பும். அறையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டே ரெக்கார்ட் செய்யுங்கள்.

டேட்டாவை எப்படி வாசிப்பது?

ஒரே இரவை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரு வாரமாவது எடுங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஆக்சிஜன் எத்தனை முறை சரிந்தது என்று எண்ணி, அந்த நிலையில் படுத்திருந்த மணி நேரத்தால் வகுங்கள். மொத்த எண்ணிக்கையை நேரடியாக ஒப்பிடுவது தவறு.

மல்லாந்து 20 நிமிடம்தான் படுத்தீர்கள் என்றால், அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. கனவுகள் அதிகம் வரும் 'ரெம்' உறக்கத்தில் ஆப்னியா பலருக்கு மோசமாகும். அது விடியற்காலையில் அதிகம். எனவே, விடியற்காலையில் மட்டும் மல்லாந்து படுத்திருந்தால் காரணம் எது என்று பிரிக்க முடியாது. மது அருந்திய இரவுகளையும் தூக்க மாத்திரை எடுத்த இரவுகளையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருக்களித்துப் படுத்தால் சரியாகிவிடுமா?

சிலருக்குப் பெரிய அளவில் குறையும். முதுகுப் பக்கம் டென்னிஸ் பந்தைத் தைத்த பனியன், முதுகுக்கு அண்டைகொடுக்கும் தலையணை, மல்லாந்தால் அதிரும் பட்டை எனப் பல வழிகள் உண்டு. பந்து வைத்தியத்தை நீண்ட நாள் தொடர்பவர்கள் ரொம்பக் குறைவு, அசௌகரியம்தான் காரணம். ஒருக்களித்தும் தடைகள் தொடர்பவர்களுக்கு இது மட்டும் போதாது. காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவி போன்ற சிகிச்சை தேவைப்படலாம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால், மூச்சு நின்றதை வேறொருவர் பார்த்திருந்தால், கட்டுப்படாத ரத்த அழுத்தமோ இதய நோயோ பக்கவாதமோ இருந்தால், வாரக்கணக்கில் டேட்டா சேகரித்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே நுரையீரல் அல்லது காது-மூக்கு-தொண்டை மருத்துவரைப் பாருங்கள். 'ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது' என்றும் இருந்துவிடாதீர்கள். தாடை, தொண்டை அமைப்பாலும் ஆப்னியா வரும்.

பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: 'அன்று நான் எத்தனை நிமிடம் மல்லாந்து தூங்கினேன்? மல்லாந்தபோது ஏ.எச்.ஐ எவ்வளவு, மற்ற நிலைகளில் எவ்வளவு?' உங்கள் ஒரு வார டேட்டாவை அதன் பக்கத்தில் வையுங்கள். 22 என்ற ஒற்றை எண்ணைவிட, அந்த இரண்டு எண்களிலிருந்துதான் சிகிச்சையைப் பற்றிய பேச்சு தொடங்க வேண்டும்.