கேஷ்

குன்னம் கடைத்தெருவில் ‘கேஷா, ஜிபேயா?’ என்னும் கேள்வியில் வருகிற கேஷுக்கும் தமிழர் கையில் புரண்ட காசுக்கும் உறவு உண்டா என்பது பழைய ஐயம். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பது ஒரு சொல் அன்று. எழுத்திலும் ஒலியிலும் ஒன்றாகிப்போன இரண்டு சொற்கள்.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷின் வேர் லத்தீனின் ‘கப்சா’, பொருள், பெட்டி. இத்தாலியில் ‘காஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றும் வழங்கி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் பணப்பெட்டியைச் சுட்டியது, பிறகு உள்ளிருந்த பணத்துக்குப் பெயரானது. இடவாகுபெயர்தான். ‘படம் நன்றாகக் கல்லா கட்டியது’ என்னும்போது தமிழும் பெட்டியைச் சொல்லிப் பணத்தையே குறிக்கிறது.

இன்னொரு கேஷ் சிறு நாணயத்தின் பெயர். அது தமிழ்க் காசுதான். போர்ச்சுக்கீசியர் வாயில் காசு ‘கைஷா’ ஆனது. அவர்கள் மொழியில் கைஷா என்றாலும் பெட்டியே! குழப்பத்துக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. சதுரத் துளையிட்ட சீன நாணயங்களுக்கும் ஐரோப்பியர் இந்தப் பெயரையே வைத்தனர். ஆகவே ‘காசுதான் கேஷ் ஆயிற்று’ என்று மேடைகளில் முழங்குவது பாதி உண்மை.

காசு சோழர் கல்வெட்டுகளில் கோயில் கொடைகளை அளந்த சொல். வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளிலும் ஒன்று. ‘கர்ஷ’ என்ற வடமொழி எடைப்பெயரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. குன்னம் பகுதி அடங்கிய திருச்சிராப்பள்ளிச் சீமை 1801இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபோது, சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 10, 20 காசு செப்பு நாணயங்கள் இங்கிலாந்திலேயே அச்சடிக்கப்பட்டுக் கப்பலேறின. அவற்றைச் சுமந்து வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ 1809 ஜனவரியில் கென்ட் கரையோர மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்த நாணயங்கள் கடலிலிருந்து எடுக்கப்பட்டன. 1818இல் சென்னை மாகாணம் ரூபாய்க்கு மாறியதும் காசுக் கணக்கு ஒழிந்தது. பேச்சில் மட்டும் காசு பணமாகவே நின்றுவிட்டது.

குன்னத்துக்குக் கிழக்கே செந்துறைப் பக்கம் விளையும் முந்திரியின் ஆங்கிலப் பெயரான ‘கேஷு’வுக்கு இந்த இரண்டு கேஷோடும் தொடர்பில்லை. அது பிரேசிலின் துப்பி மொழிச் சொல். தமிழில் முந்திரி என்பதோ பழைய கணக்கில் 320இல் ஒரு பங்கின் பெயர்.