சுவரில் ஓட்டை விழ மாட்டேங்குதா? டிரில்லைத் திட்டும் முன் பிட்டைப் பாருங்க

புது வீவக வீட்டுச் சாவி கிடைச்சாச்சு. திரைச்சீலைக் கம்பி, குளியலறைக் கண்ணாடி, சுவர்க் கடிகாரம் என மாட்ட வேண்டிய பொருள்கள் காத்திருக்கின்றன. நண்பரின் டிரில்லை இரவல் வாங்கிச் சுவரில் வைத்து அழுத்துகிறீர்கள். பத்து நிமிடமாகச் சத்தம்தான் வருது, ஓட்டை வரல. பிட்டின் முனை மட்டும் நீலநிறமாகிவிட்டது.

டிரில் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கும். கான்கிரீட் சுவரில் உலோகத்துக்கான பிட்டை வைத்திருப்பீர்கள். முனை நீலமானது அதிகச் சூட்டின் அடையாளம்; அந்த பிட்டின் கூர்மை போயிடுச்சு என்று அர்த்தம்.

டிரில் பிட்டுகள் வேலை செய்யும் விதம் மூன்றுதான். மரத்தையும் உலோகத்தையும் அவை வெட்டுகின்றன. கான்கிரீட்டையும் செங்கல்லையும் இடித்து நொறுக்குகின்றன. டைல், கண்ணாடி போன்றவற்றைத் தேய்த்து அரைக்கின்றன. உங்கள் முன்னால் இருப்பது வெட்டுப்படும் பொருளா, நொறுங்கும் பொருளா, அரைபடும் பொருளா? அதற்குப் பதில் தெரிந்தால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கான்கிரீட் சுவர்

நம்ம ஊர் அடுக்குமாடி வீடுகளில் அதிகம் தேவைப்படுவது இதுதான். 'மேசன்ரி பிட்' என்று கேளுங்கள். அதன் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு எனும் மிகக் கடினமான பொருளால் ஆன சிறு தகடு பொருத்தப்பட்டிருக்கும். அந்தத் தகடு தண்டைவிடச் சற்று அகலமாக இருக்கும். பார்த்தாலே அடையாளம் தெரியும்.

பிட் சரியாக இருந்தால் மட்டும் போதாது. டிரில்லில் சுத்தியல் படம் போட்ட நிலைக்கு மாற்றுங்கள். அப்போதுதான் பிட் சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் இடிக்கும். அந்த இடிதான் கான்கிரீட்டை உடைக்கிறது.

நிறைய ஓட்டை போட வேண்டுமா? ரோட்டரி ஹேமர் எனும் பெரிய இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பது புத்திசாலித்தனம். ஆனால் அதற்கு 'எஸ்டிஎஸ்' வகை பிட்தான் பொருந்தும். அதன் அடிப்பகுதியில் பள்ளங்கள் இருக்கும். சாதாரண டிரில்லில் அதை மாட்ட முடியாது. வாங்கும்போது அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்க. பலர் பார்ப்பது நுனியை மட்டும்தான்.

துளையிலிருந்து வரும் தூளையும் கவனியுங்கள். சிவப்பாக வந்தால் உள்ளே செங்கல், சாம்பல் நிறமென்றால் கான்கிரீட். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிட் திடீரென நகர மறுத்தால் உள்ளே இரும்புக் கம்பி இருக்கலாம். முரட்டுத்தனமாக அழுத்த வேண்டாம். அந்தக் கம்பிதான் சுவருக்கு எலும்பு. ஓட்டையைச் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

இன்னொன்று: மின்சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ துளையிடவே கூடாது. சுவருக்குள் மின்கம்பி அந்தக் கோட்டில்தான் பெரும்பாலும் ஓடும். பிட் விலை சில வெள்ளி, உயிர் அப்படியில்லை.

டைல்

இங்கேதான் அதிகம் பேர் பணத்தை இழக்கிறார்கள். ஒரு டைல் விரிந்தால் அதே நிறத்தில் மாற்று டைல் கிடைப்பது கஷ்டம். சுத்தியல் நிலையை முதலில் நிறுத்துங்கள்.

சாதாரண செராமிக் டைலுக்கு ஈட்டி முனை கொண்ட கார்பைடு பிட் போதும். போர்சலின் டைல் வேறு ரகம். மிகவும் கடினமானது, ஈட்டி முனை சீக்கிரம் மழுங்கிவிடும். அதற்கு வைரத்துகள் பூசிய, குழாய் போன்ற பிட் வேண்டும். குறைந்த வேகம், லேசான அழுத்தம், அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர். தண்ணீர் பயன்படுத்துவதால் பேட்டரி டிரில்தான் பாதுகாப்பு. பிட் வழுக்காமல் இருக்க அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

டைலைத் தாண்டியதும் மேசன்ரி பிட்டுக்கு மாறிச் சுவரைத் துளைக்கலாம். பிளாஸ்டிக் பிளக்கை டைலுக்குப் பின்னால் போகும்வரை உள்ளே தள்ளுங்கள். பிளக் டைலுக்குள்ளேயே நின்றுவிட்டால் திருகை முடுக்கும்போது அது விரிந்து டைலைப் பிளந்துவிடும். ஓட்டை சரியாக விழுந்த பிறகும் டைல் உடைவதற்கு இது ஒரு காரணம்.

மரமும் உலோகமும்

மரத்துக்கு நடுவில் ஊசி போன்ற கூர்முனை உள்ள பிட் நல்லது. குறித்த இடத்தைவிட்டு நகராது. பின்பக்கம் ஒரு பழைய பலகையை வைத்து அழுத்திக்கொண்டால் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்யாது. அலமாரிக் கதவின் கீலுக்கான அகல வட்டக் குழி பெரும்பாலும் 35 மில்லிமீட்டர். அதற்கு ஃபோர்ஸ்ட்னர் பிட் என்று தனியாக உண்டு.

உலோகத்துக்கு எச்எஸ்எஸ் பிட். தங்க நிறத்தில் பளபளப்பதைப் பார்த்து மயங்காதீங்க. அது டைட்டானியம் நைட்ரைடு எனும் மெல்லிய பூச்சுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே எச்எஸ்எஸ். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குக் கோபால்ட் கலந்த பிட் வாங்குங்கள். மெதுவாகச் சுழற்றி, உறுதியாக அழுத்தி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். வேகமாகச் சுழற்றித் தேய்த்தால் அந்த உலோகம் மேலும் இறுகிவிடும்.

கண்ணாடி அணிவது எந்தப் பொருளுக்கும் கட்டாயம். ஆனால் தளர்வான கையுறை வேண்டாம். சுழலும் பிட் அதைக் கவ்வினால் கையையும் இழுத்துக்கொண்டு போகும்.

பாம் ஷெல்டரில் துளையிடலாமா?

சுவரில் முடியும், ஆனால் விதிமுறை உண்டு. உலோகமல்லாத பிளக் மட்டுமே பயன்படுத்த வேண்டும். துளையின் விட்டம் 10 மில்லிமீட்டரையும் ஆழம் 50 மில்லிமீட்டரையும் தாண்டக்கூடாது. துளைகளுக்கு இடையே குறைந்தது 150 மில்லிமீட்டர் இடைவெளி தேவை. ஆழத்தைக் கணிக்க எளிய வழி: பிட்டில் நுனியிலிருந்து 50 மில்லிமீட்டர் தள்ளி வண்ண டேப் சுற்றிவிடுங்கள். டேப் சுவரைத் தொட்டதும் நிறுத்திடுங்க.

எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யக்கூடாது என்பது ஷெல்டர் கதவில் உள்ள அறிவிப்பிலேயே இருக்கிறது. அதை முதலில் படியுங்கள். கதவில் மட்டும் கைவைக்கக்கூடாது. அங்கே பை மாட்ட வேண்டுமா? காந்தக் கொக்கி வாங்கிக்கோங்க, கதவு இரும்புதானே.