ஜொகூரில் திவால் சட்டமும் பிற சட்ட அதிகாரங்களும்

மலேசியாவில் திவால் கூட்டரசின் அதிகாரம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். ஜொகூர்வாசி ஒருவர் திவாலானதாக உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும், அவர் சொத்து 1967ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி திவால் துறைத் தலைமை இயக்குநர் வசமாகிறது. ஆனால் வங்கியில் ஈடு வைத்த வீட்டை அந்த ஆணை காப்பாற்றாது. தேசிய நிலச் சட்டத்தின் வழியே வங்கி அதை ஏலத்துக்குக் கொண்டுபோகலாம். ஊழியர் சேமநிதிப் பணத்தின் நிலை நேர்மாறானது. அதைத் திவால் துறையும் தொட முடியாது.

ஜொகூரில் திவால் சட்டம் கடுமையாக உறைப்பது சிங்கப்பூர் எல்லையில்தான். அதன் 38ஆம் பிரிவின்படி, திவாலானவர் தலைமை இயக்குநரின் அல்லது நீதிமன்றத்தின் அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. கோலாலம்பூர்க்காரருக்கு இது எப்போதாவது வரும் தடை; விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஜொகூர் பாருக்காரருக்கோ எல்லை கடப்பதுதான் பிழைப்பே. 2017 திருத்தத்தின்படி, சொத்து விவர அறிக்கை தந்து மூன்று ஆண்டுகளில் விடுவிப்புப் பெற, குறித்த தொகையை அவர் கட்டியிருக்க வேண்டும். சம்பாதிக்கும் வழியை அடைத்துவிட்டுத் தவணை கேட்பது யாருக்கும் பயன் தராது, கடன் கொடுத்தவருக்கும்தான். அனுமதி தரும் அதிகாரத்தின் முழுப் பொருளும் இங்கேதான் இருக்கிறது. வெளிநாடு செல்வது அரசியலமைப்பு தரும் உரிமை என்றும் வாதிட முடியாது: லோ வாய் கோங் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 1979இல் அதை மறுத்துவிட்டது.

அக்கரையில் அளவுகோலும் வேறு. மலேசியாவில் திவால் மனுவுக்கு 2021 செப்டம்பர் முதல் குறைந்தது 1,00,000 ரிங்கிட் கடன் வேண்டும். சிங்கப்பூரில் 15,000 வெள்ளி போதும். அங்கே சொத்தோ தொழிலோ உள்ள மலேசியர் அங்கேயே திவாலாக்கப்படலாம். இரு நாட்டுச் சட்டங்களும் ஒன்றையொன்று ஏற்பதால், அக்கரை ஆணை இக்கரைச் சொத்தையும் பிடிக்கும்.

திவாலானவர் அனுமதியின்றி வழக்குத் தொடர முடியாது. உடற்காயத்துக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு மட்டும் விலக்கு. பாலத்தில் விபத்துக்குள்ளாகும் தொழிலாளிக்கு இது பெரிய பாதுகாப்பு. விடுவிப்புப் பெறாதவர் நாடாளுமன்றத்திலோ ஜொகூர் சட்டமன்றத்திலோ உறுப்பினராக முடியாது.

வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவு விதிக்கும் பயணத் தடை தனியானது. திவால் துறை அனுமதித்தாலும், வரிப் பாக்கிக்காகக் குடிநுழைவுத் துறையிடம் பதிவான தடையை வரி வாரியம்தான் நீக்க வேண்டும்.