காட்டுத்தீயை விமானம் அணைக்கிறதா?

2025 ஜனவரி 7ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸின் பசிபிக் பலிசேட்ஸ் பகுதியில் மூண்ட தீ வரிசை வரிசையாக வீடுகளை விழுங்கியபோது, சமூக வலைத்தளங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது. வல்லரசு என்கிறார்களே, ஒரு தீயை அணைக்க அவர்களிடம் விமானம் இல்லையா?

விமானம் இருந்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்திடமிருந்து 1994 முதல் ஆண்டுதோறும் குத்தகைக்குப் பெறும் இரண்டு சிஎல்-415 விமானங்கள் அங்கேதான் நின்றன. பெரிய தாங்கி விமானங்களும் ஹெலிகொப்டர்களும் வேறு. ஆனால் அன்று மாலை காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீற்றரைத் தாண்டியதால் எல்லாம் தரையிறக்கப்பட்டன. அந்தக் காற்றில் பறந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது. கொட்டும் நீர் தீயைத் தொடுமுன்பே சிதறிப் போய்விடும்.

நம்மில் பலர் நினைப்பதுபோல விமானம் தீயை அணைப்பதில்லை. அது தீயின் வேகத்தைக் குறைக்கிறது, சூட்டைத் தணிக்கிறது. அந்த இடைவெளியில் தரையிலுள்ளவர்கள் குழாயோடும் மண்வெட்டியோடும் புல்டோசரோடும் நெருங்கி, எரியக்கூடியதை வெட்டி அகற்றி, கனலும் வேர்களைக் கிளறி அணைக்க வேண்டும். அவர்கள் வந்து சேராவிட்டால், விமானம் நனைத்த இடம் சிறிது நேரத்தில் காய்ந்து மீண்டும் பற்றிக்கொள்ளும்.

இவற்றில் பார்க்கவே வியப்பானது சிஎல்-415. தீயணைப்புக்கென்றே வடிவமைக்கப்பட்ட, நீரிலும் தரையிலும் இறங்கக்கூடிய விமானம் இது. தண்ணீர் நிரப்ப விமான நிலையத்துக்குத் திரும்ப வேண்டியதில்லை. ஏரியின் அல்லது கடலின் மேற்பரப்பை வயிற்றால் உரசியபடி ஓடும்போது, அடியிலுள்ள சிறு வாய்கள் வழியாக ஏறத்தாழ 12 செக்கன்களில் 6,000 லீற்றருக்கும் அதிகமான நீர் தாங்கிகளுக்குள் பாய்ந்துவிடும். நிற்காமலே மேலெழுந்து தீயை நோக்கிப் போகும். நீர்நிலை பக்கத்தில் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் பல தடவை கொட்டலாம். தொலைவில் இருந்தால் இந்தச் சிறப்பெல்லாம் வீண். அலை உயர்ந்திருந்தாலும் அப்படித்தான். கடல்நீரை அள்ளினால் உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால் விமானத்தை நன்றாகக் கழுவியாக வேண்டும்.

படங்களில் நாம் பார்க்கும் சிவப்புத் தூள் போன்றது தண்ணீர் அல்ல. உரத்தில் பயன்படும் அமோனியம் பொஸ்பேட்டை நீரில் கரைத்த கலவை அது. சிவப்பு நிறம், எங்கே கொட்டினோம் என்பது விமானிகளுக்குத் தெரிவதற்காக. அதைத் தீயின் மேல் கொட்டுவதில்லை. தீ வரப்போகும் பாதையில் நீண்ட கோடாகப் போடுவார்கள். அந்தப் பூச்சு பட்ட புல்லும் செடியும் தீப்பிடிக்கத் தயங்கும். டிசி-10 பயணிகள் விமானத்தை மாற்றியமைத்த தாங்கி ஒரே தடவையில் சுமார் 35,000 லீற்றர் கொண்டுவரும். ஆனால் பலத்த காற்று தீப்பொறிகளைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் வீசிவிட்டால் அத்தனையும் பயனற்றுப் போகலாம். ஆற்றில் விழுந்தால் மீன்கள் சாகும் என்ற குறையும் உண்டு.

ஹெலிகொப்டரின் கொள்ளளவு குறைவு, குறி துல்லியம். 2020 செப்டெம்பரில் அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது நமது விமானப்படையின் பெல் 212 ஹெலிகொப்டர் வாளியைத் தொங்கவிட்டு நீர் ஊற்றிய காட்சி நினைவிருக்கலாம். காட்டுத்தீயிலும் அதே முறைதான்.

இந்த வேலை உயிராபத்தானது. புகைக்குள், மலைச்சரிவுகளுக்கிடையே, 100 மீற்றருக்கும் தாழ்வாகப் பறக்க வேண்டும். 2020 ஜனவரியில் அவுஸ்திரேலியாவில் சி-130 விமானம் விழுந்து மூன்று அமெரிக்கர்கள் இறந்தார்கள். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் எவியா தீவில் நீரைக் கொட்டிவிட்டுத் திரும்பிய விமானத்தின் இறக்கை மரத்தில் உரசி, இரு இளம் விமானிகள் பலியாகினர். போதாக்குறைக்கு லொஸ் ஏஞ்சலிஸில், தீயை வேடிக்கை பார்க்க ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் ஜனவரி 9இல் ஒரு சிஎல்-415இன் இறக்கையைத் துளைத்தது. நகரம் எரிந்துகொண்டிருக்க, இருந்த இரண்டில் ஒன்று திருத்த வேலைக்குப் போனது.

விமானம் இல்லாமற்போவதற்கு இயற்கை மட்டும் காரணமல்ல என்பதற்குத் துருக்கியின் 2021 கோடை நல்ல உதாரணம். ஜூலை இறுதியில் மனவ்கட்டில் தொடங்கிய தீ மர்மரிஸ், போட்ரும் என்று பரவியபோது, துருக்கி வானூர்திக் கழகத்தின் தீயணைப்பு விமானங்கள் பறக்காமல் கொட்டகையில் கிடந்தன. வனத்துறையின் கேள்விப்பத்திரம் குறைந்தது 5,000 லீற்றர் கொள்ளளவு கேட்டது. கழகத்திடமிருந்த சிஎல்-215களின் கொள்ளளவு 4,900 லீற்றர். அந்த 100 லீற்றரை எதிர்க்கட்சிகள் விடவில்லை. கழகம் தன் விமானங்களையும் தொழில்நுட்பத்தையும் புதுப்பிக்கத் தவறியதே காரணம் என்றார் ஜனாதிபதி அர்தூகான். இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனால் பழைய விமானத்தைப் பராமரிப்பதா, புதிது வாங்குவதா என்பது தீ வருமுன் எடுக்க வேண்டிய முடிவு. தீ வந்தபின் வெளிநாடுகளிடம் கேட்க வேண்டியதாயிற்று. ரஷ்யாவிடமிருந்து வாடகைக்கு எடுத்த பெரியெவ் பீஇ-200 விமானங்களில் ஒன்று ஓகஸ்ட் 14இல் கஹ்ரமன்மராஷ் அருகே மலையில் மோதி, அதிலிருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். ஐந்து ரஷ்யர்கள், மூன்று துருக்கியர்கள்.

அதே மாதம் அல்ஜீரியாவின் கபிலியா மலைகள் எரிந்தன. படைவீரர்கள் உட்பட 90 பேர் வரை இறந்த அந்தத் தீக்கும் வெளியிலிருந்து விமானம் வாடகைக்கு வர வேண்டியிருந்தது. மொரோக்கோ மட்டும் முன்கூட்டியே சிஎல்-415களை வாங்கி வைத்திருந்தது. பின்னாளில் போர்த்துக்கலுக்கே அனுப்பி உதவியது.

இப்போது வாங்க நினைத்தாலும் எளிதல்ல. சிஎல்-415 உற்பத்தி 2015இல் நின்றுவிட்டது. அதன் வாரிசான டிஎச்சி-515 திட்டம் 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. முதல் கட்ட விமானங்களுக்கு ஐரோப்பிய நாடுகள் வரிசையில் நிற்கின்றன.

துருக்கி 2021க்குப் பின் விமானங்களையும் ஹெலிகொப்டர்களையும் ஆளில்லா விமானங்களையும் பெருக்கிக்கொண்டது. ஆயினும் 2025 ஜூலை 23இல் எஸ்கிஷெஹிர் மாகாணத்தில் காற்று திடீரெனத் திசை மாற, தரையில் நின்று தீயை அணைத்துக்கொண்டிருந்த 10 பேர் தீக்குள் அகப்பட்டு இறந்தார்கள். ஐவர் வனத்துறை ஊழியர்கள், ஐவர் தொண்டர்களாக வந்த மீட்புப் பணியாளர்கள்.