அல்ஃபோர்வில்லின் ஆர்மேனியர்கள்
பாரிஸை ஒட்டித் தென்கிழக்கே, மார்ன் ஆறு சேன் ஆற்றில் கலக்கும் இடத்தில் இருக்கிறது அல்ஃபோர்வில். 1885 வரை மெசோன்-அல்ஃபோர் ஊரோடு சேர்ந்திருந்தது. இப்போது இரண்டுக்கும் நடுவே ரயில் பாதைதான் எல்லை. தாழ்வான நிலம். 1910 ஜனவரியில் சேன் பெருக்கெடுத்தபோது ஊர் ஏறக்குறைய முழுவதும் மூழ்கி, தெருக்களில் படகு ஓடியது. வெள்ளம் வரும் என்று தெரிந்த மனைக்கு நல்ல விலை கிடைக்காது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அங்கே ஆர்மேனியர்கள் குடியேற அதுவும் ஒரு காரணம்.

1915இல் ஒட்டோமான் பேரரசில் நடந்த இனப்படுகொலைக்குத் தப்பியவர்கள் சிரியா, லெபனான், கிரீஸ் முகாம்களிலிருந்து 1922 முதல் மார்செய் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். நாடற்ற அவர்களுக்கு 1924 முதல் நான்சென் கடவுச்சீட்டு கிடைத்தது. முதல் உலகப்போரில் ஆண்களைப் பெருமளவில் இழந்திருந்த பிரான்சுக்கும் வேலையாட்கள் தேவைப்பட்டார்கள். ரோன் பள்ளத்தாக்கு வழியாக வடக்கே வந்தவர்களில் பலர் லியோன் அருகே டெசீன் செயற்கைப் பட்டு ஆலையில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் பாரிஸ் புறநகர்களுக்குப் போனார்கள். ஆலை வேலை பிடிக்காதவர்களுக்கு வீட்டிலேயே தொழில் இருந்தது: தையல், பின்னலாடை, செருப்பு. முன்னறையில் ஒரு தையல் இயந்திரம், அதைச் சுற்றிக் குடும்பம் முழுவதும். தைத்த உருப்படிக்குத்தான் கூலி.

அல்ஃபோர்வில்லில் 1930இல் ஆர்மேனியத் திருச்சபையின் தேவாலயம் எழுந்தது. அது நிற்கும் தெருவுக்கு இன்று கோமிதாஸ் பெயர். ஆர்மேனிய நாட்டுப் பாடல்களைத் திரட்டிய அந்தத் துறவி 1915 ஏப்ரல் 24 அன்று கைதாகி உயிர் தப்பினாலும் மனநிலை பாதிக்கப்பட்டார். 1935இல் சேனுக்கு மறுகரையில் உள்ள வில்ஜூயிப் மனநல மருத்துவமனையில் இறந்தார்.

1947இல் சோவியத் ஆர்மேனியாவின் அழைப்பை நம்பி பிரான்சிலிருந்து சுமார் 7,000 பேர் கப்பலேறினார்கள். போன பலர் ஏமாந்தார்கள். திரும்பி வர நீண்ட காலம் பிடித்தது. தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் பிரெஞ்சுக் குடிமக்களாக வளர்ந்து, பெற்றோர் பேசத் தயங்கியதைப் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். ஊரில் இனப்படுகொலை நினைவுச்சின்னம் 1984இல் திறக்கப்பட்டது. சில நாள்களிலேயே அதைக் குறிவைத்துக் குண்டு வெடித்ததில் பலர் காயமடைந்தார்கள். 1998இல் இனப்படுகொலையை அங்கீகரிக்கும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அதன் அறிக்கையாளராக இருந்தவர் அல்ஃபோர்வில் மேயர் ரெனே ரூக்கே. ஒரே வாக்கியம் கொண்ட அந்த மசோதா 2001 ஜனவரியில் சட்டமானது.

ஊரிலுள்ள ஆர்மேனியப் பள்ளிக்கு மெஸ்ரோப் மாஷ்டொட்ஸ் பெயர். ஐந்தாம் நூற்றாண்டில் ஆர்மேனிய எழுத்துக்களை உருவாக்கிய அவரது கல்லறை ஒஷகான் ஊரில் இருக்கிறது. அல்ஃபோர்வில்லின் சகோதர நகரமும் ஒஷகான்தான்.