மலையின் ஓசையை எழுதி வைத்தவர்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் போய் வந்தவர் கைப்பேசியில் படங்கள் நிறைய இருக்கும். அந்த மலையின் ஓசையை யாராவது சேர்த்து வைத்திருக்கிறோமா? பணி ஓய்வுக்குப் பிறகு மலைபடுகடாம் படித்தபோதுதான் எனக்கு இந்தக் கேள்வியே வந்தது.

கல்வராயனுக்கு வடக்கே இருக்கும் செங்கம் நம்மில் பலருக்கும் பழக்கமான ஊர். சங்க காலத்தில் அதை ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அவனையும் அவன் மலைநாட்டையும் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடினார். பத்துப்பாட்டில் ஒன்றான இந்த நூலை உ.வே.சா. 1889-இல் அச்சில் கொண்டுவந்தார். மலையை யானையாகவும், அதில் எழும் ஓசையை அதன் மதமாகவும் கொண்டு வந்த பெயர் 'மலைபடுகடாம்'.

நூலின் ஒரு பகுதி முழுக்க ஓசைப் பட்டியல்தான். அருவி விழும் ஓசை, குட்டியைப் பள்ளத்தில் தவறவிட்ட குரங்கின் கதறல், தேன் எடுத்தவர்களின் ஆரவாரம், கிளி ஓட்டும் தட்டை, தினை குற்றும் பெண்களின் பாட்டு, பன்றி விரட்டும் பறை என்று இருபது வரை வருகின்றன. புலி கிழித்த கணவனின் புண் ஆற ஒரு குறத்தி பாடும் பாட்டும் அதில் உண்டு.

1970-களில் கனடாவின் மர்ரே ஷேஃபர் ஓரிடத்தின் ஓசைகளைத் தொகுத்துக் காக்க வேண்டும் என்று பேசி உலகக் கவனம் பெற்றார். பின்னால் வந்த பெர்னி கிராஸ் என்ற அமெரிக்கர் அவற்றை நீர், காற்று எழுப்புவது, உயிரினங்கள் எழுப்புவது, மனிதர் எழுப்புவது என மூன்றாகப் பிரித்தார். நம் புலவரின் பட்டியலில் மூன்றும் இருக்கின்றன.

1970-களின் கடைசியில் வேலை நிமித்தம் வெள்ளிமலைப் பக்கம் ஓர் இரவு தங்கினேன். இருட்டில் ஆள்காட்டிக் குருவி கத்தியது. "யாரோ வராங்க சார்" என்றார் வீட்டுப் பெரியவர். சற்று நேரத்தில் பந்தத்தோடு ஒருவர் வந்தார். நள்ளிரவில் சாமைக் காட்டுப் பக்கம் பன்றி விரட்டத் தகரம் தட்டினார்கள். சென்ற ஆண்டு அதே பக்கம் தங்கினேன். சுற்றுலா வேன் ஒன்றின் பாட்டு நள்ளிரவு வரை ஓயவில்லை. ஆள்காட்டி கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது.

காப்புக்காடு என்றால் கோடரிக்குத் தடை உண்டு. ஒலிபெருக்கிக்கு? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்கின்றன. அங்கே இரவில் 40 டெசிபல்தான் எல்லை. வேறு இடங்களையும் அப்படி அறிவிக்க விதியில் இடமிருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரி முதல் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. விலங்குகள் அடிபடாமல் காக்க வந்த உத்தரவு அது. காட்டுக்கு இரவின் அமைதியும் கூடவே கிடைத்தது.

அரசு செய்வது ஒருபுறம் இருக்கட்டும். குரலை வைத்தே பறவையைச் சொல்லும் பெரியவர்கள் மலையில் இன்னும் இருக்கிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்குக் கைப்பேசியில் பத்து நிமிடம் பதிவு செய்து, தேதியும் இடமும் எழுதி, அவர்களிடம் கேட்டுப் பெயர்களையும் குறித்து வைத்தால் போதும். வரும் மார்கழியில் பேரனை அழைத்துக்கொண்டு போகிறேன். உங்கள் நினைவில் இருக்கும் மலை ஓசைகளையும் எழுதி வையுங்கள்.